ஒரு சிறு கணிப்பொறி, பல திரைகள்

(இறுதியாண்டு, மின்னணுவியல் பிரிவு)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது பலரும் செயற்கைக்கோள், ரோபோ என்று பெரிய தலைப்புகளாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன விஷயம். சிறிய மேசைக் கணிப்பொறி ஒன்றில் இரண்டு மூன்று மானிட்டர்களை மாட்டுவது எப்படி என்பதுதான் அது. "இதென்ன பிரமாதம், ஒயரைச் சொருகினா முடிஞ்சுது" என்று சிரிக்க வேண்டாம். அப்படி நினைத்துத்தான் நான் 450 ரூபாயைத் தொலைத்தேன்.

எங்கள் எடப்பாடிப் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. என் அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்த முதல் ஆள் நான். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சேலைக்கு டிசைன் போடும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். முன்பு கிராப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி, அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்களாம். இப்போது அந்தக் கட்டமெல்லாம் கணிப்பொறித் திரைக்குள் வந்துவிட்டது. ஆனால் ஒரு தொல்லை. கட்டத்தைப் பெரிதாக்கினால் பூ முழுதாகத் தெரியாது. முழு முந்தானையைப் பார்த்தால் கட்டம் தெரியாது. ஒரு கட்டம் தப்பினால் அந்தப் பூ வரும் இடமெல்லாம் தப்பும் வரும். ஆகவே ஒரு திரையில் கட்டம், இன்னொரு திரையில் முழு டிசைன் என்று இருந்தால் வசதி.

நான் முதலாண்டு படிக்கும்போது முதலாளி டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பழைய கணிப்பொறி வாங்கி வந்தார். பின்னால் ஒரு எச்.டி.எம்.ஐ. துளை இருந்தது. பக்கத்தில் ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல இன்னொரு துளை. அது ஏதோ பிரிண்டருக்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன்! "ரெண்டாவது மானிட்டருக்கு வழி இருக்குங்களா தம்பி?" என்று கேட்டார். நான் உடனே போய் ஒரு 'ஸ்ப்ளிட்டர்' வாங்கி வந்து மாட்டினேன். இரண்டு திரையும் எரிந்தன. இரண்டிலும் ஒரே படம்.

"என்ன தம்பி, ரெண்டு பொட்டியிலயும் ஒரே கரையே ஓடுது?" என்றார். பணத்தை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது தொகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அது அவருடைய ஒரு நாள் கூலிக்குப் பக்கம் வரும். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு கொக்கியில ரெண்டு கயிறு கட்டினா ரெண்டும் ஒண்ணாத்தான கண்ணு தூக்கும்?" என்றார். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

அவர் சொன்னது ஜக்கார்டு பெட்டியை. 1804-ல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய அமைப்பு அது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி மேலே போகும், இல்லாவிட்டால் போகாது. ஒரே கொக்கியில் பல கயிறு கட்டினால் அந்தப் பூ சேலை அகலத்தில் பல முறை வரும். ஆனால் அதே பூதான் வரும். வேறு பூ வேண்டுமென்றால் வேறு கொக்கி வேண்டும். ஸ்ப்ளிட்டர் செய்வதும் இதுவேதான்.

கணிப்பொறியில் கொக்கிக்கு நிகரானது, படச் சிப்புக்குள் இருக்கும் தனித்தனிப் படப் பாதை. எத்தனை பாதை உண்டோ அத்தனை வெவ்வேறு படம்தான் வரும். பின்னால் எத்தனை துளை இருக்கிறது என்பது வேறு கணக்கு. இன்டெல் சிப்புகளில் 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை கோர் வகையில்தான் மூன்று திரை வசதி வந்தது. அதற்கு முந்தியவை இரண்டோடு சரி. பதினோராம் தலைமுறையின் ஐரிஸ் எக்ஸ்இ படச் சிப்பு நான்கு வரை தாங்கும். கையகல ராஸ்பெரி பை 4 (2019) பலகையிலேயே இரண்டு திரைக்கு இடம் உண்டு. ஆகவே வாங்கும் முன் சிப்பின் பெயரைப் பார்த்து, அதன் விவரத்தாளில் எத்தனை திரை என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள்.

அடுத்தது வேகம். 1920 × 1080 புள்ளி, புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு ஏறக்குறைய 298 கோடி பிட் வரும். 4கே திரை என்றால் இதைப் போல நான்கு மடங்கு. பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 துளையில் 4கே படம் நொடிக்கு 30 தான் வரும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்துப் போகும். 60 வேண்டுமானால் 2013-ல் வந்த 2.0 வகை வேண்டும். ராஸ்பெரி பை 4-லும் ஒரு 4கே திரை என்றால் 60, இரண்டு என்றால் ஆளுக்கு 30.

நான் பிரிண்டர் துளை என்று நினைத்தது 'டிஸ்ப்ளே போர்ட்'. அதாவது இரண்டாவது கொக்கி முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது! அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. மானிட்டருக்குப் போகும் கேபிள் ஒன்று வாங்கினோம், வேலை முடிந்தது. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை என்பதை மறக்க வேண்டாம். எச்.டி.எம்.ஐ. கணிப்பொறியிலிருந்து டிஸ்ப்ளே போர்ட் மானிட்டருக்கு அதையே திருப்பி மாட்டினால் படம் வராது.

பழைய வி.ஜி.ஏ. மானிட்டர் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முறை அது, அனலாக் சிக்னல். எச்.டி.எம்.ஐ. டிஜிட்டல். ஆகவே நடுவில் உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும், வெறும் ஒயர் போதாது.

டிஸ்ப்ளே போர்ட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. 2010-ல் வந்த 1.2 வகையிலிருந்து ஒரே கேபிளில் பல படத்தைத் தனித்தனியாக அனுப்பலாம். ஒரு மானிட்டரிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலிபோல மாட்டலாம், அல்லது எம்.எஸ்.டி. ஹப் வைக்கலாம். மானிட்டரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பாதைக் கணக்கும் மாறாது. ஆப்பிள் மேக் மினியில் இந்த வழியில் தனித்தனிப் படம் வருவதில்லை.

டைப்-சி துளை எல்லாவற்றிலும் படம் வராது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். இனி பாதையே மிச்சமில்லை என்றால் டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்த யு.எஸ்.பி. அடாப்டர் உண்டு. அதில் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை பிராசஸர் தலையில் விழும். கணக்கு எழுத, கடிதம் அடிக்கப் போதும். டிசைன் வேலைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாம் மாட்டியும் ஒரே படம் தெரிந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் சாவியோடு 'பி' எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேபிளைக் குறை சொல்லும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அந்த 450 ரூபாய் ஸ்ப்ளிட்டர் ஒரு வருடம் மேசை அறையில் தூங்கியது. போன தீபாவளிச் சமயத்தில், டிசைன் பார்க்க வரும் வியாபாரிகளுக்காகத் திண்ணைப் பக்கம் ஒரு திரை வைக்க முதலாளி ஆசைப்பட்டார். உள்ளே ஓடும் அதே டிசைன்தான் வெளியேயும் தெரிய வேண்டும். எடுத்து மாட்டினேன். இப்போது அது அங்கேதான் இருக்கிறது.