மறைப்பும் காட்சியும்: திருவொற்றியூர்த் திருமேனிகளில் கலையின் எல்லை

முன்னுரை

சைவ சித்தாந்தம் இறைவனின் நிலைகளை உருவம், அருவம், அருவுருவம் என மூன்றாகப் பகுக்கும். கலைஞனின் உளிக்கு எளிதில் இசைவது உருவம் ஒன்றே. எஞ்சியவற்றைக் கலை எவ்வாறு புலப்படுத்துகிறது என்னும் வினாவிற்கு, வடசென்னைத் துறைமுகத் தொழிற்பகுதியில் அமைந்த திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் தக்க சான்றாகிறது.

புற்றும் கவசமும்

இத்தலத்து மூலவர் ஆதிபுரீசுவரர், புற்றுமண்ணாலானவர். சிற்பியின் உளி தீண்டாத திருமேனியர். ஆண்டு முழுவதும் இலிங்க வடிவக் கவசம் அதனை மூடியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களையப்பட்டுப் புனுகுச் சாம்பிராணித் தைலக் காப்பு நிகழும்.

நெகிழ்வான மண்ணைக் காப்பதே கவசத்தின் பயன் எனக் கொள்ளலாம். அவ்விளக்கம் பொருத்தமுடையதே, ஆயினும் அது முழுமையன்று. பிற தலங்களில் அலங்காரம் என்பது செதுக்கப்பட்ட வடிவத்தின்மேல் சாத்தப்படுவது. இங்கோ வடிவமே அலங்காரமாகிறது. கவசம் களைந்தபின் அடியவர் காண்பது செம்மையான மற்றோர் உருவத்தை அன்று, உருவாக்கப்படாத மண்ணையே.

முதலாம் இராசேந்திரன் காலத்தில் (1012–1044) சதுரானன பண்டிதரின் ஏவலால் இரவி என்னும் வீரசோழத் தச்சன் இக்கோயில் விமானத்தைக் கருங்கல்லால் எடுத்தமையைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாட அமைப்புடையது அவ்விமானம். தேர்ந்த தச்சனின் திறம் முழுதும், எத்தச்சனும் வடிக்காத ஒன்றிற்கு உறையுள் அமைப்பதிலேயே செலவிடப்பட்டுள்ளது.

மகிழடி

திருமேனியும் இறைவனும் ஒன்றா, வேறா என்னும் சிக்கலைப் பெரியபுராணம் கதைவழி எழுப்புகிறது. சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டிய சுந்தரர், அவ்வேளையில் சந்நிதியை நீங்கி மகிழின்கீழ் எழுந்தருளுமாறு இறைவனை வேண்டுகிறார். இறைவனும் இசைந்து, சூளுறவை மகிழடியிலேயே கொள்ளுமாறு சங்கிலியாருக்கு உணர்த்திவிடுகிறார். சுந்தரரின் சூழ்ச்சி, தெய்வம் திருமேனியை விட்டு நீங்கவல்லது என்னும் நம்பிக்கையின் மேல் எழுந்தது. இறைவனின் மறுசூழ்ச்சியும் அதனை மறுக்கவில்லை. சூள் பிழைத்து ஒற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் கண்ணொளி இழந்தார். உருவமற்ற மரத்தடியில் உரைத்த சொல்லும் கருவறையில் உரைத்ததற்கு நிகரான ஆற்றலுடையது என்பதே இதன் உட்பொருள். மாசிப் பெருவிழாவின் மகிழடி சேவை இந்நிகழ்வை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

முடிவுரை

புற்று, கவசம், விமானம், மகிழ் ஆகிய நான்கையும் இணைத்து நோக்கின், ஒற்றியூர் மரபில் கலை இறைமையைத் தன்னுள் அடக்க முயலவில்லை என்பது புலனாகும். அது இறைமைக்கு இடம் அமைக்கிறது; வடிவு தருகிறது; உரிய காலத்தில் அவ்வடிவையும் விலக்குகிறது. எனவே கோயிற்கலை ஆய்வு, செதுக்கப்பட்ட படிமங்களின் இலக்கணத்தோடு நில்லாமல், மூடுதலும் திறத்தலுமாகிய சடங்குகளையும் கலைச்செயலாகக் கருதுதல் வேண்டும்.