காற்றைக் குடிக்கும் மீன்

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு நாட்டுக்கு எதிரே, அட்லாண்டிக் கடலில் 88 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. பிஜாகோஸ் தீவுக்கூட்டம் என்று பெயர். அதில் ரூபானே தீவருகே 2003 மார்ச்சில் தூண்டிலில் சிக்கிய டார்ப்பன் மீனின் எடை ஏறத்தாழ 130 கிலோ. டார்ப்பனில் உலகச் சாதனை அது. 1991-ல் சாதனை படைத்த மீனும் இதே மேற்கு ஆப்பிரிக்கக் கரையில்தான், சியரா லியோனின் ஷெர்புரோ தீவில் பிடிபட்டது.

இந்தக் கரையோர அலையாத்திக் காடுகளை ஒட்டிய வெதுவெதுப்பான, கலங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு. மற்ற மீன்கள் திணறும் அங்கே டார்ப்பன் மேலே வந்து, வாயால் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போகும். அதன் காற்றுப்பையில் நுரையீரலைப் போல ரத்தநாளங்கள் படர்ந்திருக்கின்றன. படகோட்டிகள் நீர்ப்பரப்பையே பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்: வெள்ளி முதுகு புரண்டு மறையும் இடத்தில் மீன் இருக்கிறது. தூண்டிலில் மாட்டிய பிறகும் அது சீக்கிரம் சோர்ந்துவிடாது. நடுவே மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்தால் மறுபடி தெம்பு வந்துவிடும்.

இரை பெரும்பாலும் உயிருள்ள மடவை. டார்ப்பனின் வாய்க்குள் எலும்புதான் அதிகம், சாதாரணத் தூண்டில் முள் குத்தி நிற்பது கடினம். அதனால் பலரும் வட்டமாக வளைந்த முள்ளை விரும்புகிறார்கள். அது வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்.

குத்திய மறுகணம் மீன் ஆளுயரத்துக்கு மேல் துள்ளும். அந்தரத்தில் அதன் எடையைத் தாங்க நீர் இல்லை. தலையை ஒரு உதறு உதறினால், விறைத்த தூண்டில் நரம்பு அறுந்துபோகும். பழகியவர்கள் அந்த நொடியில் தூண்டில் கோலின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்தி, நரம்பைத் தளர்த்திவிடுவார்கள். மீன் நீரில் விழுந்ததும் மறுபடி இழுப்பு.

கடைசியில் மீனை என்ன செய்வது என்பதுதான் முக்கியம். பெண் டார்ப்பன் 50 ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. முட்டையிடும் பருவத்தை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். எடைச் சாதனையாகப் பதிய வேண்டுமானால் கரைக்குக் கொண்டுவந்து தராசில் நிறுத்தாக வேண்டும். இவ்வளவு பெரிய மீனுக்கு அது அநேகமாகச் சாவுதான். எடை தெரிந்தால் போதும் என்பவருக்கு அளவு நாடாவே போதுமானது. படகோரமாக நீரிலேயே வைத்து நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி 800-ஆல் வகுத்தால் எடை தோராயமாகப் பவுண்டில் கிடைத்துவிடும். பிறகு முள்ளைக் கழற்றி, சுறா வருவதற்குள் மீனைத் தெளியவைத்து அனுப்பிவிடலாம்.