சீனத்துச் சாப்பாட்டு மேசையும் நமது வியாபாரமும்

சீனாவுக்குச் சரக்கெடுக்கப் போகும் நமது வியாபாரிகளின் பயணப் பெட்டியைத் திறந்தால் மாசிச் சம்பல், பிஸ்கட், டின் மீன் என்று பாதிக்குமேல் சாப்பாடாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் போனேன். 2011 இல் புறக்கோட்டையிலுள்ள எங்கள் கடைக்குப் பொருள் கொள்வனவு செய்வதற்காக குவாங்சோ நகரில் குடியேறியபோது, முதல் நான்கு மாதமும் அறையிலேயே சோறும் பருப்பும் ஆக்கிக் காலத்தைக் கழித்தேன். ஹராம் வயிற்றுக்குள் போய்விடக் கூடாதே என்ற பயம். பயம் நியாயமானதுதான். விசாரித்துப் பார்க்காமல் இருந்ததுதான் தவறு.

அந்தத் தவறு வியாபாரத்தையும் பாதித்தது. பைகள் தயாரிக்கும் தொழிற்சாலை முதலாளி ஒருவர் மூன்று தடவை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். மூன்று தடவையும் வயிறு சரியில்லை என்று தட்டிக் கழித்தேன். அங்கே விலை பேசுவது அலுவலகத்தில். நம்பிக்கை வளர்வது சாப்பாட்டு மேசையில். என்னோடு வாங்கத் தொடங்கிய வேறொரு நாட்டு வியாபாரிக்கு 30 நாள் கடன் கிடைத்தது. எனக்கோ கொள்கலன் ஏற்றுமுன் முழுப்பணமும் கட்டவேண்டும். காரணம் கேட்டபோது மொழிபெயர்த்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்கள் அவரோடு உட்கார விரும்பவில்லை என்று நினைக்கிறார்."

அந்த வாரம் ஹுவாய்ஷெங் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், பக்கத்தில் தொழுத சீன முஸ்லிம் சகோதரர் ஒருவரிடம் சைகையால் சாப்பாடு பற்றிக் கேட்டேன். கையைப் பிடித்து ஒரு லன்சோ நூடில்ஸ் கடைக்கு அழைத்துச் சென்றார். இத்தகைய கடைகள் சீன நகரங்கள் எங்கும் உள்ளன. பெரும்பாலும் சிங்ஹாய், கான்சு மாகாணங்களிலிருந்து வந்த ஹுயி, சாலார் முஸ்லிம் குடும்பங்களே நடத்துகின்றன. மாவை இழுத்து மடிக்க மடிக்க இழைகள் இரட்டிக்கும். எட்டாவது மடிப்பில் 256 இழை! தெளிந்த மாட்டிறைச்சிச் சூப்பு, வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடில்ஸ் என ஐந்து நிறம். முதல் வாய் சப்பென்றிருந்தது. மிளகாய் எண்ணெயை அள்ளிப் போட்டதும் கோப்பை காலியாகிவிட்டது.

புதிதாகப் போகிறவர்கள் சில விடயங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஹலால் கடையைச் சீனர் 'சிங்ஜென்' என்பர். தூய்மை, உண்மை என்பது அதன் பொருள். அந்த இரண்டு சீன எழுத்துகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அரபு எழுத்தை மட்டும் தேடாதீர்கள். 2019 இல் பெய்ஜிங்கில் கடைப் பலகைகளிலிருந்து அரபு எழுத்துகளை அகற்றச் செய்தார்கள். பலகையைப் பார்த்த பிறகும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

'ரோ' என்றால் இறைச்சி. ஆனால் வெறுமனே 'ரோ' என்றால் பொதுவாகப் பன்றி இறைச்சியையே குறிக்கும். மாட்டிறைச்சி 'நியூரோ', ஆட்டிறைச்சி 'யாங்ரோ'.

மற்றக் கடைகளில் 'மரக்கறி மட்டும்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும், சமையலில் மது சேர்ப்பதும் அங்கு சாதாரணம்.

விருந்தில் 'கன்பெய்' என்று கிண்ணத்தை உயர்த்தினால் நீங்கள் தேநீர்க் கிண்ணத்தை உயர்த்தலாம். காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது.

பிறகு அந்த முதலாளியை நானே ஒரு சின்ஜியாங் முஸ்லிம் உணவகத்துக்கு அழைத்தேன். கோழி, உருளைக்கிழங்கு, மிளகாய், அகன்ற நூடில்ஸ் எல்லாம் ஒரே பெரிய தட்டில் வந்தன. சீரகம் தூவிச் சுட்ட ஆட்டிறைச்சியும் இருந்தது. வயிற்றுக்கு ஒன்றும் இருக்கவில்லை, மார்க்கம்தான் காரணம் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "முதல் நாளே சொல்லியிருந்தால் நானே இங்கு அழைத்து வந்திருப்பேனே!" என்றார்.

அடுத்த கொள்கலனுக்குப் பாதிப் பணம் முன்னால், மீதி 30 நாளில். அல்ஹம்துலில்லாஹ், அவரோடு நான்கு வருடம் கொடுக்கல் வாங்கல் செய்தேன்.

ஹலாலைப் பேணுவது வியாபாரத்துக்குத் தடையல்ல. அதை மறைத்து நான் சொன்ன சாக்குத்தான் தடையாக இருந்தது. மாசிச் சம்பலைக் கொண்டுபோங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு அந்த இரண்டு எழுத்தையும் கொண்டுபோங்கள்.