படியேறும் வழக்குகள் – 9: அம்மாவின் கையெழுத்து பிள்ளையைக் கட்டாது

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவை எப்படி எழுதுவது என்று சென்ற வாரம் பார்த்தோம். தீர்ப்பு வந்து ஆண்டுகள் ஓடிய பிறகு வரும் சிக்கல் இந்த வாரம்.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத்திலோ பிரஸ்ஸிலோ நிற்கும் ஒரு தகப்பனின் சம்பளம், ஆர்டர் வந்தால் ஓவர்டைமோடு ஏறும், வராவிட்டால் இறங்கும். விவாகரத்து ஒப்பந்தத்தில் பிள்ளைக்கென்று எழுதிய தொகை மட்டும் அசையாது. பிள்ளை எல்.கே.ஜி. படிக்கும்போது மாதம் 4,000 ரூபாய் என்று எழுதியிருந்தால், பத்தாம் வகுப்பிலும் அதே 4,000தான் வரும். 'இனி எதுவும் கேட்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேனே' என்று தாய்மார்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லாதது. ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தாய்க்கே கிடையாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-ன் 25-வது பிரிவு, தொகையைக் கோர்ட் நிர்ணயித்திருந்தாலும் இரு தரப்பும் பேசி முடித்திருந்தாலும், சூழ்நிலை கணிசமாக மாறினால் திருத்தலாம் என்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவும் பிள்ளைகளுக்கான உத்தரவை விவாகரத்துக்குப் பிறகு மாற்ற இடம் தருகிறது. எம்.சி. எனப்படும் ஜீவனாம்ச கேஸில் கிடைத்த உத்தரவென்றால், அதை மாற்ற வழி தந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 146-வது பிரிவாகியிருக்கிறது. இந்த வழி எல்லா மதத்தவருக்கும் பொது.

தொகை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். மேற்கு வங்க வழக்கு ஒன்றில் மனைவிக்கும் மகனுக்குமான தொகையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 16,000-லிருந்து 23,000 ஆக்கியது. கணவர் மறுமணம் செய்து இன்னொரு குழந்தைக்கும் தகப்பனாகியிருந்ததைக் கணக்கில் எடுத்து, 2017-ல் உச்ச நீதிமன்றம் அதை 20,000 ஆக்கியது. கவனியுங்கள்: தொகை குறைந்ததே தவிர, பொறுப்பு போய்விடவில்லை.

வேலை போன தகப்பன்மார்கள் செய்யும் பெரிய தவறு, பணத்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவது. உத்தரவு திருத்தப்படும்வரை பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும். எம்.சி. உத்தரவில் வாரன்ட்டும் சிறையும்கூட வரலாம். கம்பெனி ஆட்குறைப்பு செய்தால் அந்தக் கடிதத்தோடு உடனே மனுப் போடுவதுதான் நேர்மையான வழி. தாய்க்கும் ஒரு கெடு உண்டு: எம்.சி. உத்தரவின்படி பாக்கியை வசூலிக்க, அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

மனுவுக்கு உயிர் கொடுப்பவை காகிதங்கள்தான். பள்ளிக் கட்டண ரசீது, வேன் கட்டணம், மருத்துவச் சீட்டு, பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 'கையில வாங்குற சம்பளத்தை எப்படி நிரூபிக்கிறது?' என்பது தொழிற்பேட்டைப் பெண்களின் நியாயமான கேள்வி. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். மறைத்தால் கோர்ட் பாதகமாக முடிவெடுக்கலாம். ஜீவனாம்சத்தை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே வழங்க வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். ஆகவே, 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்; நஷ்டம் பிள்ளைக்கு.

வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லை என்று யாரும் வீட்டோடு இருந்துவிட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞரை அளிக்க, 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்திருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100.