அண்ணாமலையின் கருங்கல்லையும் கரைக்கும் மழை... பாறைக்குள் என்ன நடக்கிறது?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறைகளும் சரிந்து வந்து ஒரு வீட்டை மூடின. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு மகா தீபத்துக்கு மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை.

'கல்லு மாதிரி' என்றுதான் உறுதிக்கு உதாரணம் சொல்வோம். அப்படிப்பட்ட கருங்கல் மலையில், சரிந்து விழ அத்தனை மண் எங்கிருந்து வந்தது?

அதுவும் ஒரு காலத்தில் பாறைதான். பள்ளிப் பாடத்தில் 'இரசாயனச் சிதைவு' என்று படித்திருப்போமே, அதேதான்.

மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு அதில் கரைந்து, மிக லேசான கார்பானிக் அமிலம் உருவாகிறது. சோடாவில் இருக்கும் அதே அமிலம். மண்ணுக்குள் இறங்கும்போது, மக்கும் இலைதழைகளும் வேர்களும் விடும் வாயு சேர்ந்து அதன் வீரியம் கூடுகிறது. கருங்கல்லில் நிறைய இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் இந்த நீரில் சிதைந்து களிமண்ணாகிறது. பீங்கான் கோப்பை செய்யும் வெள்ளைக் களிமண்கூட இப்படிப் பிறந்ததுதான். காக்காப்பொன் போன்ற கனிமங்களிலுள்ள இரும்பு துருப்பிடித்து, மண்ணுக்குச் செந்நிறம் தருகிறது. குவார்ட்ஸ் மட்டும் மசியாது. அது மணலாக உதிர்ந்துவிடும்.

சுண்ணாம்பு இன்னும் சீக்கிரம் கரையும். அருணாசலேஸ்வரர் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தில் கருங்கல் அடித்தளம் அசராமல் நிற்க, மேலே இருக்கும் சுதை வேலைகளுக்கு அடிக்கடி திருப்பணி தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மலையில் அத்தனை உருண்டைப் பாறைகள் எப்படி வந்தன? யாரும் செதுக்கவில்லை. பாறையின் விரிசல்களில் நீர் இறங்கி, கட்டி கட்டியாகப் பிரிக்கிறது. கட்டியின் முனைகளை மட்டும் பல பக்கமிருந்தும் நீர் தாக்குவதால், அவைதான் முதலில் மழுங்கும். பிறகு வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்து, நடுவில் உருண்டை மிஞ்சும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பல டன் எடையுள்ள உருண்டைகள் உட்கார்ந்திருப்பது, சிதைந்துபோன மண்ணின் மேல். கனமழையில் அந்த மண் நீரை உறிஞ்சிக் கனக்கிறது, பிடி தளர்கிறது. மண் நகர்ந்தால் கல்லும் கூடவே வரும். ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகவே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். சரிவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அடுத்த முறை 14 கி.மீ கிரிவலம் போகும்போது, பாறைகளில் தோல் உரிந்த இடங்களையும் துருக்கறையையும் கவனித்துப் பாருங்கள். அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் கூடுதலாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சரிவில் புதிதாக விரிசல், திடீரென்று சாய்ந்த மரம், வழக்கமில்லாத இடத்தில் கலங்கலாகக் கசியும் நீர்... மழைநாளில் இதில் எதைப் பார்த்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் வீட்டைவிட்டு வெளியேறிவிடுங்கள்.