கணினியில் கார் பந்தயம்: கடைப் பெயரைக் கொடுக்குமுன்

மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் கார் பந்தயத்துக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் என் கிடங்குக்கு வந்தார்கள். அதில் ஒருவன் நம்மிடம் நெடுங்காலமாகச் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரரின் மகன். "அண்ணாச்சி, ஆன்லைன்ல கார் ரேஸ் லீக் நடத்தப் போறோம். உங்க கடை பேரைப் போடறோம், பத்தாயிரம் கொடுங்க" என்றான். வேறு சில உறுப்பினர்களையும் கேட்டிருப்பதாகத் தெரிகிறது. ஆகவே நான் விசாரித்து அறிந்ததை எழுதுகிறேன்.

உடனே பணத்தை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. சுமார் முப்பது வருஷத்துக்கு முன் ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிக்குக் கடைப் பெயரைக் கொடுத்தேன். நடத்தியவர் நுழைவுப் பணத்தோடு ஊரை விட்டே போய்விட்டார். பேனரில் இருந்தது அவர் பெயர் அல்ல, என் கடைப் பெயர். பிள்ளைகள் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பதினோரு அணிக்கும் என் கைப்பணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

நம் பக்கத்துக்குக் கார் பந்தயம் புதிதல்ல. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்தது. பையனாக இருந்தபோது தாம்பரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய் வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அங்கே ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்தது. ஆனால் நிஜ வண்டி ஓட்டுவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது; டயர் செலவே ஆளைத் தின்றுவிடும். கணினி, மேஜையில் பொருத்தும் ஸ்டியரிங், கால் பெடல் மூன்றும் இருந்தால் இவர்களுக்குப் போதும். 2014இல் வந்த இத்தாலி நாட்டு 'அசெட்டோ கோர்சா' போன்ற மென்பொருளில் வண்டியின் எடை, டயரின் சூடு, பிரேக்கின் பிடிப்பு எல்லாம் கணக்கிடப்படுகிறது. விளையாட்டுப் பொம்மை என்று தள்ள முடியாது. 2020 ஊரடங்கில் பந்தயங்கள் நின்றபோது உலக அளவிலான ஓட்டுநர்களே வீட்டிலிருந்து இப்படித்தான் ஓட்டினார்கள்.

இதில் சர்வர் என்பது எல்லா வண்டியும் ஓடுகிற பொது மைதானம். மாத வாடகைக்குக் கிடைக்கும். அது எந்த ஊரில் இருக்கிறது என்பது முக்கியம். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடியில் 55 மீட்டர் ஓடிவிடும். தகவல் போய்ச்சேர ஐந்தில் ஒரு பங்கு வினாடி தாமதமானாலும் 11 மீட்டர் வித்தியாசம் வரும். அதாவது இரண்டு கார் நீளத்துக்கும் மேல். முன்னால் போகிறவன் இருக்கும் இடம் ஒன்று, பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு. மோதல் வராமல் என்ன செய்யும்? ஆகவே ஐரோப்பாவில் உள்ள சர்வரை விட மும்பையில் உள்ளது மேல். இன்டர்நெட் லைன் தடுமாறுகிறவனைப் பந்தயத்துக்கு முன்பே நிறுத்திவைக்க விதி வேண்டும். மழைக்காலத்தில் நம் பகுதியில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரி இல்லாதவன் பாதியில் நின்றால் அந்தப் பந்தயம் அவனுக்கு இல்லை என்பதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். பெரிய இடத்திலும் இது நடக்கிறது. 2023 ஜனவரியில் கணினி வழி லீ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த உலகச் சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டப்பன் இணைப்பு அறுந்து பின்தங்கி, கடைசியில் கோபித்துக்கொண்டு விலகினார்.

நாள், நேரம், எத்தனை சுற்று என்பதெல்லாம் பெரிய காரியமில்லை. வாரம் ஒரு குறித்த இரவு, முதலில் பயிற்சி, பிறகு புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டம், அதன்பின் பந்தயம். முதலாவது வந்தவனுக்கு 25 புள்ளி, அடுத்தவனுக்கு 18, பிறகு 15, 12 என்று இறங்கும். ஜெயித்தவன் வண்டியில் அடுத்த வாரம் கூடுதல் எடை ஏற்றிவிடும் வழக்கமும் உண்டாம். நம் வியாபாரத்தில் அப்படிச் செய்தால் எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள் என்று தெரியவில்லை!

சிக்கல் எல்லாம் தீர்ப்பில்தான். இடித்தது யார், இடம் விடாதது யார் என்று சண்டை வரும். கணினி ஓட்டம் முழுவதையும் பதிவு செய்து வைத்திருக்கும். எந்த வண்டியின் பக்கமிருந்தும் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் பார்த்துச் சொல்கிறவர் யார்? இந்தப் பிள்ளைகளின் திட்டப்படி, லீக்கை நடத்துகிற இருவருமே வண்டியும் ஓட்டுவார்கள், தீர்ப்பும் சொல்வார்கள். "தம்பி, தராசு பிடிக்கிறவன் அதே சரக்கை ஏலம் கேட்கக் கூடாது" என்றேன். ஓட்டாத மூன்று பேரை நடுவராக வைக்கச் சொன்னேன். புகாரை அன்றிரவே கத்திச் சொல்லாமல், மறுநாள் இரவுக்குள் எழுத்தில் தர வேண்டும். தண்டனை என்ன என்பது முதல் பந்தயத்துக்கு முன்பே அச்சிட்டுக் கையில் இருக்க வேண்டும்.

பினாமி ஓட்டமும் உண்டு. 2020 மே மாதம் ஃபார்முலா இ நடத்திய கணினிப் பந்தயத்தில் ஜெர்மனியின் டேனியல் ஆப்ட் மூன்றாவதாக வந்தார். உண்மையில் ஓட்டியது அவர் அல்ல, கணினிப் பந்தயத்தில் கைதேர்ந்த வேறொருவர். விஷயம் வெளியானதும் தகுதி நீக்கம், தர்மத்துக்கு 10,000 யூரோ அபராதம், ஆடி அணியில் இருந்த வேலையும் போயிற்று. ஸ்டியரிங்கில் கையும் முகமும் தெரியக் கேமரா வைப்பது இதற்காகத்தான்.

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தமான விஷயம். பிள்ளைகளின் திட்டத்தில் ஆளுக்கு 500 ரூபாய் வாங்கி, சேர்ந்த தொகையை முதல் மூன்று பேருக்குப் பிரித்துத் தருவதாக இருந்தது. அதைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்பில் ஆடும் ஆட்டத்தை, அது திறமை ஆட்டமாகவே இருந்தாலும், தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கும் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. பேனரில் பெயர் போடும் கடைக்காரர் இந்த இரண்டாவது வரியை நன்றாகப் படிக்க வேண்டும். முறைப்படி அங்கீகாரமும் பதிவும் பெற்ற மின்விளையாட்டுப் போட்டிக்கு நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் இருக்கலாம். அங்கும் பந்தயம் கட்டுவது கூடாது. நம் பேட்டைப் பிள்ளைகளின் லீக் அந்த வகையில் சேராது.

ஆகையால் பரிசுப் பணத்தை அடியோடு நீக்கச் சொன்னேன். ஓட்டுகிறவர்கள் தரும் பணம் சர்வர் வாடகைக்கு மட்டும். அதற்கு வரவு செலவு நோட்டு ஒன்று, எல்லோரும் பார்க்கும்படி. யார் ஜெயிப்பார் என்று வெளியே ஒரு ரூபாய் கட்டினாலும் ஆள் நீக்கம். எழுதியதை வக்கீலிடம் காட்டிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன். அவன் முகம் சுருங்கிவிட்டது; பரிசு இல்லாவிட்டால் நாலாவது வாரம் ஆள் வராது என்றான். அது நிஜம்தான். நம் சங்கத்தின் மாதக் கூட்டத்திலேயே நாற்காலி காலியாகிறது. காத்திருப்போர் பட்டியலில் ஆறு பேரை வைத்துக்கொள் என்று சொன்னேன்.

பத்து நாள் கழித்து நாலு பக்க விதிமுறையோடும் வக்கீல் கையெழுத்தோடும் திரும்ப வந்தான். நடுவர் மூவரில் ஒருவர் கார் மெக்கானிக், வண்டியே ஓட்டமாட்டாராம். பத்தாயிரம் ரொக்கமாகத் தரவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் மூன்று கோப்பைகளுக்கு ஆர்டர் கொடுத்துப் பில்லை என் கடைப் பெயரில் போடச் சொல்லியிருக்கிறேன். பொங்கல் கழித்து முதல் பந்தயம், சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு. கடை அடைத்த பிறகு என்பதால் நானும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.