பெயர் திரும்பக் கிடைத்த சிறுவன்



கல்லறைத் திருநாளன்று நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும்போது முதலில் தேடுவது பெயரைத்தான். புல்லை விலக்கி, தூசியைத் துடைத்து, கல்லில் பொறித்திருக்கும் பெயரை வாசித்த பிறகே மெழுகுதிரி ஏற்றுகிறோம். அந்தக் கல்லில் பெயரே இல்லையென்றால் என்ன செய்வோம்? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கொலையுண்ட ஒரு சிறுவன் 65 ஆண்டுகள் பெயரில்லாமலே கிடந்தான். அவன் யார், அவனை அடையாளம் காண ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின, அந்தப் பெயர் கிடைத்ததால் என்ன பயன் என்பதை இன்று சற்றே சிந்திப்போம்.

1957ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள். பிலடெல்பியாவின் பாக்ஸ் சேஸ் பகுதியில், சாலையோரப் புதர்க்காட்டில் கிடந்த ஓர் அட்டைப் பெட்டிக்குள் ஒரு சிறுவனின் உடலைக் கல்லூரி மாணவர் ஒருவர் கண்டார். கைக்குழந்தைக்கான தொட்டில் வைத்து விற்கப்பட்ட பெட்டி அது. உடல் கட்டம் போட்ட போர்வையில் சுற்றப்பட்டிருந்தது. தலைமுடி அப்போதுதான் வெட்டப்பட்டிருந்தது. போதிய உணவின்றி அவன் மெலிந்திருந்தான், அடிபட்டே இறந்திருந்தான். வயது நான்கு முதல் ஆறுக்குள் இருக்கலாம் என்று அன்று கணித்தார்கள்.

அந்தப் பெட்டியை முதலில் கண்டவர் இந்த மாணவர் அல்ல. சில நாள்களுக்கு முன்பே, அங்கே சிறு விலங்குகளைப் பிடிக்கக் கண்ணி வைத்திருந்த ஓர் இளைஞர் அதைப் பார்த்துவிட்டார். சொன்னால் காவலர்கள் கண்ணிகளைப் பறித்துக்கொள்வார்களே என்று அஞ்சி அவர் வாய் திறக்கவில்லை. மாணவரும் தயங்கி, மறுநாள்தான் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார். ஆக, இந்தச் சிறுவனின் கதை மௌனத்தில்தான் தொடங்குகிறது.

காவல்துறை சும்மா இருக்கவில்லை. சிறுவனின் முகம் அச்சிட்ட 4,00,000 துண்டறிக்கைகள் விநியோகிக்கப்பட்டன. கடைகளிலும் பொது இடங்களிலும் ஒட்டினார்கள். வீட்டுக்கு வரும் எரிவாயுக் கட்டணச் சீட்டோடும் சேர்த்து அனுப்பினார்கள். கைரேகையும் பாதரேகையும் எடுத்து ஒப்பிட்டார்கள். பயனில்லை. பொதுவாக, இறந்தவர் யாரென்று தெரியாதபோது காணாமல் போனோர் பட்டியலில் தேடுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இடம்பெற வேண்டுமென்றால், 'எங்கள் பிள்ளையைக் காணவில்லை' என்று ஒருவராவது வந்து சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சிறுவனோடு பொருந்தும் புகார் எதுவும் வரவில்லை. அவனைத் தெரிந்தவர்கள் யாரோ இருந்திருப்பார்கள். அவர்கள் பேசவில்லை. சந்தேகங்கள் பலர் மீதும் எழுந்தன, எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

ஆனாலும் சிலர் அவனைக் கைவிடவில்லை. ஆதரவற்றோரைப் புதைக்கும் நிலத்தில் அவனை அடக்கம் செய்தபோது, துப்பறியும் காவலர்களே பணம் சேர்த்து ஒரு கல் நட்டார்கள். அறியப்படாத இந்தச் சிறுவனை ஆசீர்வதியும் என்று விண்ணகத் தந்தையிடம் வேண்டும் வாசகம் அதில் இருந்தது. சவப் பரிசோதனை அலுவலகத்தில் பணியாற்றிய ரெமிங்டன் பிரிஸ்டோ என்பவர், 1993இல் தாம் இறக்கும்வரை இந்த வழக்கை விடாமல் தொடர்ந்தார். 1998இல் உடல் தோண்டி எடுக்கப்பட்டு, பல் ஒன்றிலிருந்து மரபணு மாதிரி பெறப்பட்டது. பின்னர் ஐவி ஹில் கல்லறைத் தோட்டத்தில் கொடையாகக் கிடைத்த இடத்தில் அவனை மீண்டும் அடக்கம் செய்தார்கள். 'அமெரிக்காவின் அறியப்படாத குழந்தை' என்று அங்கே கல்லில் எழுதினார்கள். முன்பின் தெரியாத மக்கள் அங்கே பூக்களும் பொம்மைகளும் வைத்துச் சென்றார்கள்.

1998இல் கிடைத்த மாதிரியே ஏன் போதவில்லை என்று நாம் கேட்கலாம். அன்று எடுக்கப்பட்டது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாய்வழியாக மட்டுமே வருவது. 'இந்தப் பெண்ணின் மகனா இவன்?' என்று ஒருவரைக் காட்டிக் கேட்டால், அதைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காட்டுவதற்கே யாரும் இல்லாதபோது அந்த மாதிரி காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பிற்காலத்தில் வந்த முறைக்கு மரபணு வம்சாவளி ஆய்வு என்று பெயர். இதன் அடிப்படை நம் குடும்ப உறவுகளை அறிந்த எவருக்கும் எளிதில் விளங்கும். நம் மரபணுவில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. உடன்பிறந்தோர் ஏறக்குறைய பாதியைப் பகிர்கிறார்கள். சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா பிள்ளைகளோடு நாம் பகிர்வது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஒரே பூட்டன் பூட்டியின் வழிவந்த தூரத்து உறவினரோடு ஏறக்குறைய 3 விழுக்காடு. எவ்வளவு பகிர்கிறோம் என்று தெரிந்தால், எவ்வளவு நெருங்கிய உறவு என்றும் கணிக்கலாம்.

தங்கள் முன்னோரை அறிய விரும்பும் பலர், தங்கள் மரபணு விவரங்களைத் தாங்களாகவே தரவகங்களில் பதிவு செய்கிறார்கள். காவல்துறை தேடுவதற்கு அனுமதி உள்ள தரவகங்களில், இறந்தவரின் விவரத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தூரத்து உறவினர் ஒருவர் கிடைத்தால் போதும். பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைக் கொண்டு அவருடைய குடும்ப மரத்தை மேலே மூதாதையர்வரை வரைந்து, பிறகு ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்கி வருவார்கள். கணினி செய்வது பாதி வேலைதான்; மீதி, பழைய பதிவேடுகளைப் பொறுமையோடு புரட்டும் மனிதரின் வேலை.

2019இல் சிறுவனின் உடல் இரண்டாம் முறை தோண்டி எடுக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் மண்ணில் கிடந்த எலும்பில் மரபணு சிதைந்திருந்தது. அதைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவரவே இரண்டரை ஆண்டுகள் பிடித்தன. பின்னர் தாய்வழி உறவினர் கண்டறியப்பட்டனர். அவர்கள் மூலம் தாய் யார் என்று தெரிந்தது. நீதிமன்ற ஆணை பெற்று, அவருடைய பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளைப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று இந்தச் சிறுவனுடையது. அதில் தந்தையின் பெயரும் இருந்தது. தந்தைவழி உறவினரின் மரபணுவும் பொருந்தி அதை உறுதிப்படுத்தியது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், நாம் அமல அன்னையின் பெருவிழாவைக் கொண்டாடும் அந்நாளில், பிலடெல்பியா காவல்துறை அவன் பெயரை உலகுக்கு அறிவித்தது. ஜோசப் அகஸ்டஸ் ஸரெல்லி. 1953 ஜனவரி 13இல் பிறந்தவன். இறந்தபோது அவனுக்கு நான்கு வயதுதான். 2023 ஜனவரி 13 அன்று, அவனுடைய எழுபதாம் பிறந்தநாளில், பெயர் பொறித்த புதிய கல் அவன் கல்லறையில் திறந்து வைக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பெற்றோர் இருவரும் இறந்துவிட்டனர். கொன்றது யார் என்று பெயர் அறிவிக்கப்பட்ட நாளிலும் தெரியவில்லை. தண்டிக்கவும் ஒருவரும் இல்லாமல் போகலாம். பிறகு எதற்காக இவ்வளவு உழைப்பு? நியாயமான கேள்விதான். ஆனால் இதில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது: நீதி என்றால் தண்டனை மட்டுமே என்ற எண்ணம். கொலையாளி ஜோசப்பிடமிருந்து பறித்தவை இரண்டு. ஒன்று உயிர். மற்றொன்று, இப்படியொருவன் இருந்தான் என்ற உண்மை. முதலாவதை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது. இரண்டாவதைத் தர முடியும், அது தரப்பட்டுவிட்டது. தண்டிக்க ஆளில்லை என்பதற்காக, இறந்தவனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் தீர்ந்துவிடுவதில்லை.

கொல்லப்பட்டு வீசப்பட்ட தம் இனத்தாரைத் தேடி எடுத்து அடக்கம் செய்த தோபித்துவை நாம் அறிவோம். இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களில் ஒன்றாகத் திருச்சபை கற்பிக்கிறது. பிலடெல்பியாவில் கல் நட்டவர்களும், கோப்பை மூடாதவர்களும், பொம்மை வைத்தவர்களும் செய்தது அதையே. அவர்கள் அந்தக் கல்லறையை மறந்திருந்தால், 2019இல் அறிவியலுக்குத் தோண்டிப் பார்க்க ஓர் இடமே இருந்திருக்காது. பெயரைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம். அதுவரை அவனைக் காத்து வைத்திருந்தது மனிதரின் நினைவு.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். ஜோசப்பின் உடன்பிறந்தோர் உயிரோடு இருக்கிறார்கள். பெயரை அறிவித்த நாளில் காவல்துறை பெற்றோரின் பெயரை வெளியிடவில்லை. தங்களுக்குச் சந்தேகங்கள் உண்டு என்றாலும், அவற்றை வெளியே சொல்வது பொறுப்பாகாது என்றும் கூறியது. அந்த நிதானம் நமக்கும் வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படுமுன் ஒருவரைக் குற்றவாளி என்று பேசுவது, இறந்தவருக்கு நீதி செய்வதாகாது. உயிரோடிருப்பவருக்கு இன்னோர் அநீதி செய்வதாகும்.

அன்பானவர்களே, நான்கு வயதுக் குழந்தை ஒன்று ஒரு தெருவிலிருந்து மறைந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அறிவியல் 65 ஆண்டுகள் கழித்துச் சொன்ன பதிலை, அன்றே ஒரு கேள்வி கொண்டுவந்திருக்கக்கூடும். நம் தெருவில் மெலிந்துபோகும் குழந்தை, உடம்பில் தழும்போடு வரும் குழந்தை, திடீரென்று கண்ணில் படாமல் போகும் குழந்தை: 'அது அவர்கள் வீட்டு விஷயம்' என்று நாம் கடந்து போகிறோமா, அல்லது பெயர் சொல்லி 'அவன் எங்கே?' என்று கேட்கிறோமா?

அடுத்த கல்லறைத் திருநாளில் நம்மவர்களின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியபின், பெயர் அழிந்துபோன ஏதாவது ஒரு கல்லின் அருகிலும் ஒன்றை ஏற்றுவோம். அங்கே உறங்குபவரும் ஒருநாள் ஒரு பெயரால் அழைக்கப்பட்டவரே. அந்தப் பெயரை இறைவன் மறக்கவில்லை.